கருந்திரை மெயிலும் காலாவதியாகும் லாகினும்

2022 மே 30-க்குப் பிறகு, ஜிமெயிலின் தனிநபர் கணக்குகளில் பயனர்பெயரையும் கணக்கின் வழக்கமான பாஸ்வேர்டையும் மட்டும் காட்டி எந்த வெளி நிரலும் நுழைய முடியாது என்று கூகுள் கதவைச் சாத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், அலுவலகங்கள் பயன்படுத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் மைக்ரோசாஃப்டும் இதைச் செய்யத் தொடங்கியது. அவுட்லுக்.காம், ஹாட்மெயில் முகவரி வைத்திருக்கும் தனிநபர்களின் முறை 2024 செப்டம்பர் 16-இல் வந்தது. கூகுளின் நிறுவனக் கணக்குகளுக்கு 2025-இல். உலவியிலும் கைப்பேசிச் செயலியிலும் மெயில் பார்க்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு இந்தத் தேதிகள் உறைக்கவே இல்லை. கருந்திரையில் வெறும் எழுத்தாக மெயில் படிக்கும் சிறு கூட்டத்துக்குத்தான் வலித்தது. ஒருமுறை எழுதி வைத்து ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டிருந்த அமைப்புக் கோப்புகள், லாகின் தோல்வி என்ற ஒற்றை வரியோடு நின்றுபோயின.

யார் இந்தக் கூட்டம்? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் உருவாகத் தொடங்கிய பைன், அதன் வாரிசாக 2007-இல் வந்த ஆல்பைன், 1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதிய மட், அதிலிருந்து கிளைத்த நியோமட் ஆகியவற்றை இன்றும் விடாமல் வைத்திருப்பவர்கள். 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் இணையச் சேவை தொடங்கியபோது மாணவர்கள் வாங்கிய ஷெல் கணக்கில் படமே கிடையாது. நம் ஊரிலும் ஒரு தலைமுறைக்கு முதல் மெயில் பைனில்தான் வந்தது. பழைய நினைவுக்காக மட்டும் இவற்றை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. லினக்ஸ் கெர்னலுக்கு நிரல்திருத்தம் அனுப்புகிறவர்களுக்கான அதிகாரபூர்வக் கையேடு, ஜிமெயிலின் இணையப் பக்கம் இந்த வேலைக்கு உதவாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அது டேப் இடைவெளிகளை மாற்றிவிடும், வரிகளைத் தன் இஷ்டத்துக்கு மடக்கும். திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்றோரில் பலருக்கும் எழுத்துத்திரையே வசதி. எமாக்ஸ் உரைத்திருத்தியைப் பேசவைக்கும் எமாக்ஸ்பீக்கை 1995-இல் வெளியிட்ட டி.வி. ராமன் பார்வையற்றவர், பின்னாளில் கூகுளிலேயே பணிக்குச் சேர்ந்தவர். (தமிழில் மெயில் படிப்பவர்களுக்கு மட்டும் கருந்திரை இன்னும் முழு நட்பாகவில்லை. பல டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும்.)

இவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: லாகின் அறுந்துபோகாமல் வைத்திருப்பது எப்படி? கேள்வி ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே நான்கு கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கம்பி வழியாக ஓடும் இணைப்பு ஒன்று. மெயிலைப் படிக்க அந்த இணைப்பின் மேல் சர்வரோடு நடக்கும் ஐமேப் உரையாடல் இரண்டாவது. அந்த உரையாடலைத் திறக்கும் குறுகிய ஆயுள் கொண்ட அனுமதி மூன்றாவது. அப்படி அனுமதி கேட்கும் உரிமை நான்காவது. ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில், தனித்தனிக் காரணத்தால் செத்துப்போகும். நான்காவது அறுந்துகிடக்கும்போது முதலாவதைச் சரிசெய்துகொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம்.

அடித்தளத்திலிருந்து வருவோம். வீட்டு ரௌட்டரும், பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரிக்குள் அடைக்கும் கைப்பேசி நிறுவனத்தின் கருவியும், பேச்சில்லாமல் கிடக்கும் இணைப்புகளை ஒரு கட்டத்தில் மறந்துவிடுகின்றன. நிலைபெற்ற ஓர் இணைப்பைக் குறைந்தது 2 மணி 4 நிமிடமாவது நினைவில் வைத்திருக்க வேண்டும் என்கிறது இணைய நெறிமுறை ஆவணங்களில் ஒன்றான ஆர்எஃப்சி 5382. நடைமுறையில் சில நிமிடங்களிலேயே மறக்கும் கருவிகள் உண்டு. லினக்ஸ் தன் பங்குக்கு, நிரல் கேட்டுக்கொண்டால்தான் இணைப்பைத் தட்டிப் பார்க்கும். அதுவும் இயல்புநிலையில் 7,200 விநாடி கழித்து. ஆகவே இணைப்பு அறுந்தது இரண்டு பக்கமும் தெரியாமல் திரை உறைந்து நிற்கும். மட் 2.0 பதிப்பு 2020 நவம்பரில் வந்தபோது, அறுந்த ஐமேப் இணைப்பைத் தானே மீண்டும் பிடித்து, சேமிக்காத மாற்றங்களையும் சேர்த்துக்கொள்ளும் வசதி வந்தது. பழைய பதிப்பில் இருப்பவர்களுக்கு வேறு மருந்து சொல்ல வேண்டியதில்லை. புதியதுக்கு மாறுவதே போதும்.

அடுத்தது ஐமேப். 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்த இந்த நெறிமுறையில், பேசாதிருக்கும் பயனரை வெளியே தள்ளும் கடிகாரத்தைச் சர்வர் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அது 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்பது ஆர்எஃப்சி 3501-இன் விதி. 1997-இல் சேர்க்கப்பட்ட ஐடில் என்ற கட்டளை, புது மெயில் வந்ததும் சொல் என்று சர்வரிடம் கூறிவிட்டுக் காத்திருக்க உதவுகிறது. அந்தக் கடிகாரத்துக்குப் பயந்து, ஐடிலையும் 29 நிமிடத்துக்கு ஒருமுறை விட்டுப் பிடிக்கும்படி அதை வரையறுத்த ஆவணமே அறிவுறுத்துகிறது. மட்டில் கீப்அலைவ் என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. 30 நிமிட விதியைச் சில சர்வர்கள் அவ்வப்போது மீறுவதால், துண்டிப்பு ஏற்பட்டால் இந்த எண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டின் கையேடு எழுதியிருக்கிறது. பல இடங்களில் அதோடு பிரச்சினை தீரும்.

அப்படிக் குறைத்த பிறகும் ஜிமெயில் துண்டிக்கிறதே என்று திகைப்பவர்கள் கூகுள் தன் ஆவணத்தில் எழுதி வைத்திருக்கும் ஒரு வரம்பைப் பார்க்க வேண்டும். ஜிமெயிலில் ஓர் ஐமேப் அமர்வு ஏறக்குறைய 24 மணி நேரம் நீடிக்கலாம். பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஓஆத் என்ற அனுமதி முறையின் டோக்கனைக் காட்டி நுழைந்தவர்களுக்கு அந்த 24 மணி நேரம் கிடையாது. டோக்கனின் ஆயுள்தான் அமர்வின் ஆயுள், அது வழக்கமாக 1 மணி நேரம். எவ்வளவு தட்டிக்கொண்டே இருந்தாலும் மணி அடித்ததும் வெளியேற வேண்டியதுதான். இதோடு ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகளே அனுமதி என்ற எல்லையும் இருக்கிறது. கைப்பேசி, அலுவலகக் கணினி, வீட்டில் ஓடும் மட், பின்னணியில் மெயில் இறக்கும் நிரல் எல்லாம் சேர்ந்தால் அந்த எண்ணிக்கை சீக்கிரம் நிரம்பிவிடும். ஆக, ஒருமுறை நுழைந்து அப்படியே உள்ளேயே இருந்துவிடலாம் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். வெளியே தள்ளப்படும் ஒவ்வொரு முறையும் பயனரைக் கேட்காமலேயே திரும்ப நுழையத் தெரிந்திருப்பதுதான் கைவரக்கூடிய வழி. கேள்வியை இப்படித் திருப்பிப் போட்ட பிறகுதான் உண்மையான சிக்கல் கண்ணுக்குத் தெரியும். அது மூன்றாம், நான்காம் அடுக்குகளில் இருக்கிறது.

2012 அக்டோபரில் ஆர்எஃப்சி 6749 ஆக வெளிவந்த ஓஆத் 2.0, பாஸ்வேர்டை நிரலிடம் கொடுக்காமலேயே அதற்கு அனுமதி தரும் ஏற்பாடு. இதில் இரண்டு டோக்கன்கள் உண்டு. பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் நாளும் நேரமும் போட்டுத் தரும் டோக்கனைப் போன்றது முதலாவதான அணுகல் டோக்கன். அந்த நேரத்துக்கு மட்டும் செல்லும். வீட்டுப் பெட்டியில் இருக்கும் குடும்ப அட்டை போன்றது புதுப்பிப்பு டோக்கன். அதைக் காட்டித்தான் ஒவ்வொரு தடவையும் புது டோக்கன் வாங்க முடியும். கூகுளின் அணுகல் டோக்கன் 3,600 விநாடி வாழும். மைக்ரோசாஃப்டினது 60 முதல் 90 நிமிடம் வரை. அது தீர்ந்துபோவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு சிறு உதவி நிரல் புதிதாக வாங்கிக் கொடுத்துவிடும். மட்டோடு கூடவே வரும் பைத்தான் நிரல் ஒன்று இந்த வேலையைச் செய்கிறது. மட் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் இந்த நிரலை ஓடவிட்டு, அது அச்சிடும் டோக்கனை அப்படியே சர்வருக்கு அனுப்பிவிடும். ஆல்பைனும் 2020 வாக்கில் இதே முறைக்குள் வந்துவிட்டது. பல்கலைக்கழகம் கைவிட்ட பிறகு எதுவார்தோ சாப்பா என்பவர் அதைத் தொடர்ந்து பராமரித்துவருவதால்தான் அது நடந்தது.

புதுப்பிப்பு டோக்கன் எப்போது சாகும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூகுளில் ஆறு மாதம் பயன்படுத்தாவிட்டால் சாகும். கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால், மெயில் அனுமதி கொண்ட டோக்கன் சாகும். ஒரே நிரலுக்கு ஒரே கணக்கில் 100 டோக்கனுக்கு மேல் வாங்கினால் பழையது சத்தமில்லாமல் செல்லாததாகும். இவையெல்லாம் நியாயமான விதிகள், எப்போதாவது ஒருமுறைதான் குறுக்கே வரும். அன்றாடம் வதைப்பது வேறொன்று: சோதனை நிலையில் இருக்கும் நிரலுக்குத் தரப்படும் புதுப்பிப்பு டோக்கன் ஏழே நாளில் செத்துவிடும்.

சோதனை நிலை என்றால் என்ன? ஓஆத்தில் பயனருக்கு மட்டும் கணக்கு இருந்தால் போதாது. உள்ளே வரும் நிரலும் தன்னை நிறுவனத்திடம் பதிந்து ஓர் அடையாள எண் வாங்கியிருக்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் செயலிகளுக்கு இது வெறும் காகித வேலை. மட்டுக்குப் பின்னால் கம்பெனி இல்லை. முழு அஞ்சல்பெட்டியையும் தொடும் அனுமதியைக் கூகுள் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வைத்திருக்கிறது. அதைப் பொதுமக்களுக்குத் தர விரும்பும் நிரல் சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும்; தரவு சர்வர் வழியாகப் போனால் பாதுகாப்புத் தணிக்கையும் சேரும். ஆகவே மட்டோடு வரும் உதவி நிரலில் அடையாள எண்ணுக்கான இடம் வெறுமையாகவே இருக்கிறது. பயனரே கூகுளின் கிளவுட் பக்கத்துக்குப் போய், ஒரு புராஜெக்ட் தொடங்கி, தன் ஒருவருக்காக ஒரு செயலியைப் பதிந்து, தானே தனக்குச் சோதனைப் பயனராகச் சேர வேண்டும். அதன்பின் ஏழு நாளுக்கு ஒருமுறை உலவியில் மறுபடி அனுமதி தர வேண்டும். இதிலிருந்து தப்ப, அந்தச் செயலியைச் சோதனை நிலையிலிருந்து வெளியீட்டு நிலைக்கு மாற்றிவிட்டு, சரிபார்க்கப்படாத செயலி என்ற எச்சரிக்கையைத் தாண்டிப் போகிறார்கள். இன்னும் சிலர் தண்டர்பேர்டு என்ற மெயில் நிரலின் அடையாள எண்ணை எடுத்துத் தங்கள் நிரலில் ஒட்டிக்கொள்கிறார்கள். அந்த எண் திறந்த மூலத்திலேயே கிடப்பதால் அதில் ரகசியம் ஏதுமில்லை. ஆனாலும் வேறொருவர் பெயரில் கதவைத் தட்டுவதுதான் அது. பாதுகாப்புக்காக என்று கொண்டுவரப்பட்ட ஏற்பாடு, தன் சொந்தக் கடிதத்தைப் படிக்க நினைக்கும் ஒருவரை ஆள்மாறாட்டம் வரை தள்ளுகிறது என்றால், ஏற்பாட்டில்தான் கோளாறு.

முதல்முறை அனுமதி வாங்குவதிலும் ஒரு விநோதம். 2018 அக்டோபரிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத உலவியில் கூகுள் லாகின் பக்கம் வேலை செய்வதில்லை. லிங்க்ஸ் போன்ற எழுத்து உலவியால் அந்தப் படியைத் தாண்ட முடியாது. குறியீட்டைத் திரையிலிருந்து பிரதியெடுத்து ஒட்டும் பழைய வழியையும் கூகுள் 2022-இல் அடைக்கத் தொடங்கியது. படமே இல்லாத சர்வரில் மட் ஓட்டுபவர், படமுள்ள இன்னொரு கணினியில் உலவியைத் திறந்து, அங்கே வரும் பதிலை எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாகத் தன் சர்வருக்குக் கொண்டுவர வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் இந்த இடத்தில் கொஞ்சம் இளகியது. கருந்திரையில் ஒரு குறியீட்டைக் காட்டி, அதை வேறெந்தக் கருவியிலாவது உள்ளிடச் சொல்லும் முறையை அது மெயிலுக்கும் அனுமதிக்கிறது. கூகுள் தன் மெயிலுக்கு அதைத் தருவதில்லை. மைக்ரோசாஃப்டின் புதுப்பிப்பு டோக்கன் 90 நாள் வாழும். பயன்படுத்தும்போதெல்லாம் புதியது ஒன்று கூடவே வரும், அதைச் சேமித்துக்கொண்டே போனால் சங்கிலி அறாது. ஆனால் அலுவலகக் கணக்கில் கடைசி வார்த்தை நிர்வாகியுடையது. எந்த நிரலுக்கு அனுமதி, எத்தனை நாளுக்கு ஒருமுறை மறுபடி அடையாளம் காட்ட வேண்டும், ஐமேப் திறந்திருக்க வேண்டுமா என்பதெல்லாம் அவர் கையில். குறியீட்டு முறையையே பல நிர்வாகிகள் மூடிவருகிறார்கள். அதற்கும் காரணம் உண்டு: ஸ்டார்ம்-2372 என்று தான் பெயரிட்ட ஒரு கும்பல், கூட்ட அழைப்பு போல நடித்து இதே குறியீட்டை உள்ளிட வைத்துக் கணக்குகளைப் பறித்ததாக 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டே அறிவித்தது. திருடனுக்கும் மட் பயனருக்கும் ஒரே கதவு என்றால் நிர்வாகி எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு சுற்றும் தேவையில்லாத ஒரு குறுக்குவழி ஜிமெயிலில் இன்னும் உயிரோடிருக்கிறது: ஆப் பாஸ்வேர்டு. கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 16 எழுத்துகள் கொண்ட தனிப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கி மட்டில் போட்டால் வேலை முடிந்தது. டோக்கன் இல்லை, பதிவு இல்லை, ஏழு நாள் கெடு இல்லை. ஓஆத் வழியாக வராததால் அமர்வும் 24 மணி நேரம் வரை நீளும். யாஹூவிலும் இதே வழிதான். அவுட்லுக்.காமில் 2024 செப்டம்பரோடு இதுவும் போயிற்று.

ஆப் பாஸ்வேர்டைப் பாதுகாப்பற்றது என்று ஒதுக்குபவர்களின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அது யார் கையில் கிடைத்தாலும் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பைக் கேட்காமலேயே மெயில் திறக்கும். கூகுளின் உயர்நிலைப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அது மறுக்கப்படுவதும் இதனால்தான். ஆனால் ஒப்பிட வேண்டியதை ஒப்பிட வேண்டும். வட்டில் கிடக்கும் புதுப்பிப்பு டோக்கனைத் திருடினாலும் அதே அஞ்சல்பெட்டி அதேபோலத் திறக்கும். இரண்டையுமே கணக்குப் பக்கத்தில் போய் ஒரே சொடுக்கில் ரத்து செய்யலாம். மனிதர் மனதில் வைத்துப் பல தளங்களில் திரும்பத் திரும்ப இடும் பாஸ்வேர்டைவிட, இயந்திரம் உருவாக்கிய 16 எழுத்து எவ்வளவோ மேல். தனிநபர் ஜிமெயிலுக்கு ஆப் பாஸ்வேர்டே தகுந்த வழி என்பது என் முடிவு. அதை மூடும் நாள் வரை டோக்கன் வித்தைகளில் இறங்கத் தேவையில்லை.

டோக்கனோ பாஸ்வேர்டோ, அதை எங்கே வைப்பது என்ற கேள்வி பலரும் நினைப்பதைவிட அதிகமாக லாகினை அறுக்கிறது. அமைப்புக் கோப்பில் பச்சையாக எழுதி வைப்பது அவமானம். ஆகவே ஜிபிஜி என்ற மறையாக்க நிரலால் பூட்டி வைக்கிறார்கள். ஜிபிஜி ஏஜென்ட் உங்கள் சாவிச்சொல்லை இயல்பாகக் கடைசிப் பயன்பாட்டுக்குப் பின் 600 விநாடி நினைவில் வைக்கும். எவ்வளவு பயன்படுத்தினாலும் 7,200 விநாடியில் மறந்துவிடும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் கிரான் நள்ளிரவில் மெயில் எடுக்கப் போகும்போது சாவிச்சொல் கேட்டு யாரும் இல்லாத திரையில் பெட்டி ஒன்று தோன்றும்; வேலை நின்றுவிடும். காலையில் எழுந்து கூகுளைத் திட்டுவார்கள். அந்த இரண்டு எண்களையும் ஏஜென்டின் அமைப்புக் கோப்பில் உயர்த்திவிடுவது, அல்லது கணினியில் நுழையும்போதே திறந்துகொள்ளும் சாவிக்கொத்தில் வைப்பது எளிய பரிகாரம். பிஸ்ஆத் போன்ற பின்னணி நிரல்கள் டோக்கனைக் காலாவதிக்கு முன்பே புதுப்பித்து வைத்துக்கொள்ளும். மறுபடி உலவியில் அனுமதி தர வேண்டிய நாளில் பயனருக்குச் சொல்லும். ஓஆத்தே தெரியாத மிகப் பழைய நிரலைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, நடுவில் உட்கார்ந்து அந்தப் பக்கம் பாஸ்வேர்டும் இந்தப் பக்கம் டோக்கனுமாகப் பேசும் இடைநிலைச் சர்வர்கள் கிடைக்கின்றன. எக்ஸ்சேஞ்சுக்கு டேவ்மெயில் நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்துவருகிறது.

இதற்கெல்லாம் மேலாக, மட்டை நேரடியாகச் சர்வரோடு கட்டிப்போடாமலிருப்பதே நல்லது என்று அனுபவசாலிகளில் பலர் முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். எம்பிசிங்க் என்ற நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நுழைந்து, மெயிலை வட்டில் இறக்கி, நீங்கள் அழித்ததையும் நகர்த்தியதையும் சர்வருக்குச் சொல்லிவிட்டு வெளியேறும். மட் படிப்பது வட்டில் உள்ள நகலை. நாட்மச் அதையே நொடியில் தேடித் தரும். அனுப்புவதற்கு எம்எஸ்எம்டிபி, அனுப்பும் அமர்வு சில விநாடிதான் என்பதால் அங்கே துண்டிப்புப் பேச்சே எழாது. இந்த ஏற்பாட்டில் இணைப்பின் ஆயுளும் அமர்வின் ஆயுளும் பொருளற்றுப்போகின்றன. நான்கு கேள்விகளில் இரண்டு தீர்ந்தன. நெட் இல்லாத ரயில் பயணத்திலும் பழைய மெயில் கையில் இருக்கும். நிறுவனம் கதவை முழுதாக மூடினாலும் இதுவரை வந்தது உங்களுடையது.

ஐமேப்பையே தராதவர்களிடம் இந்த விவாதம் செல்லாது. மறையாக்கத்தைச் சர்வருக்கு வெளியே வைக்கும் புரோட்டான், கட்டணப் பயனர்களுக்கு மட்டும் பிரிட்ஜ் என்ற இடைநிரலைத் தருகிறது. அது உங்கள் கணினிக்குள்ளேயே ஓர் ஐமேப் சர்வரைப் போல நடிக்கும். டூட்டாவில் ஐமேப் இல்லவே இல்லை. நம் ஊர் ஸோஹோவின் இலவசத் திட்டத்திலும் ஐமேப் கிடையாது. காசு கட்டினால் உண்டு. இந்தக் கடைசி வகையில் ஒரு நேர்மை இருக்கிறது. விலையைச் சொல்லி விற்கிறார்கள். ஐமேப் உண்டு என்று பலகை மாட்டிவிட்டு, உள்ளே வர அடையாள எண், சரிபார்ப்பு, ஏழு நாள் கெடு என்று வரிசை போடுவதைவிட அது தேவலை.

நெறிமுறை இன்னும் திறந்துதான் இருக்கிறது. 2021-இல் ஐமேப்புக்கு ஆர்எஃப்சி 9051 என்ற புதுப் பதிப்பே வந்தது. மூடுவது நிறுவனங்களின் கொள்கை. அதில் ஒரு பகுதியை மாற்றக்கூடியவர்கள் நம் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் நிர்வாகியாக இருந்தால், மட் கேட்டு வரும் ஊழியருக்காகவோ மாணவருக்காகவோ உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு செயலியைப் பதிந்து, அதன் ஐமேப் அனுமதிக்கு ஒப்புதல் கொடுத்துவிடுங்கள். குறியீட்டு முறையைத் திறக்காமலேயே இதைச் செய்யலாம்.